பஞ்சம் முடிந்த சேதி

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
வயிற்றில் பூசிய பசை
பனியைவிடக் குளிர்ந்தது.
திரையில் ஒரு மழைநாள் தெரிந்தது.
அதைத்தான் என் ஈரல் என்றார்கள்.

"அக்மாவே தெல்" என்றார் ஸ்கேன் மிஸ்ஸி.
தெல் என்றால் எண்ணெய். தெரியும்,
கூட்டுறவுக் கடையில் போத்தலை நீட்டிக் கேட்கும் சொல்.
ஈரலுக்குள் அதை யார் ஊற்றினார்கள்?

வெளியே பெஞ்சில் அழகுராஜ்.
பதினாறு வருசம்
என் கூலியையும் தன் கூலியையும்
தவறணையில் கரைத்துவிட்டு
ஆறு வருசத்துக்கு முன் நிறுத்தியவர்.
போன மாதம் அவரையும் படுக்கவைத்துப் பார்த்தார்கள்.
ஒன்றுமில்லையாம்.
"குடிச்சது நான், கெட்டது இவ ஈரலா" என்று
துண்டைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
பாதியில் நிறுத்திவிட்டார்.

சேதி எனக்கு முன்னால் லயத்துக்கு ஏறியிருந்தது.
"எத்தனை நாளா அக்கா?" என்றாள் பூமயில்.
வாயைத் திறந்து ஊதிக் காட்டினேன்.
வெற்றிலை வாசம் மட்டும்.
"அப்ப வெறுங் கொழுப்புத்தான்" என்றாள்.
இரண்டு அர்த்தத்திலும் சரி.

கையும் காலும் கவ்வாத்துக் குச்சி.
இடுப்பில் மட்டும்
படங்கு கட்டக் கயிறு போதவில்லை.
விடிய மாவு ரொட்டி,
பத்து மணிக்கு அதே ரொட்டி ஆறிப்போய்,
ராவைக்குச் சோறு, குவித்து.
ஏழு கோப்பைத் தேத்தண்ணி, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி.
அது இல்லாமல்
ஏழாம் நம்பர் மலையில் ஏறிப் பாருங்கள்.

டொக்டர் ஆறு கிலோ குறைக்கச் சொன்னார்.
கழிப்பதற்கு
எங்கள் கணக்கப்பிள்ளையைவிட ஆள் உண்டா?
தண்ணிக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று,
முற்றல் இலைக்கு இன்னொன்று.
கொழுந்துத் தராசில் தினம் மூன்று கிலோ காணாமல் போகும்.
என்னையும் கொக்கியில் தொங்கவிடுங்கள் ஐயா,
ரெண்டே நாளில் கணக்கு முடிந்துவிடும்.

நடக்கவும் சொன்னார்.
இதற்கு நான் என்னத்தைச் சொல்ல.

பிறகு பேனையை மூடிவிட்டுக் கேட்டார்:
எந்த வருசம் பிறந்தீர்கள்?

எழுபத்துநாலு.

மாவுக்கு வரிசையில் நின்றே
சனம் சுருண்ட காலம்.
எட்டு மாத வயிற்றோடு அம்மா
கீரைத்தண்டு அவித்த தண்ணியைக் குடித்துவிட்டுப்
பிரட்டுக்குப் போனாளாம்.
வயிற்றிலேயே பட்டினி கண்ட உடம்பு
பின்னால் கிடைப்பதையெல்லாம் சேர்த்துவைக்கும் என்றார்.
உங்களுக்கு அதுவாகவும் இருக்கலாம் என்றார்,
நிச்சயமாய்ச் சொல்லவில்லை.

இறங்கி வரும் பஸ்ஸில் யோசித்தேன்.
கண் திறக்குமுன்னே
யாரோ அதன் காதில் ஓதியிருக்கிறார்கள்:
வந்ததை விடாதே, ஒளித்துவை.
ஐம்பது வருசமாய் அது
ரொட்டியில் ஓர் ஓரத்தையும்
கோப்பையின் அடிச்சீனியையும்
அடுத்த பஞ்சத்துக்கென்று அடுக்கிக்கொண்டிருக்கிறது.
முடிந்துவிட்டதென்று
அதற்கு யாரும் சேதி அனுப்பவில்லை.

எனக்கும்தான்
யார் அனுப்பினார்கள்?

இன்றைக்குச் சீனி போடாமல் குடித்தேன்.
முப்பத்திரண்டு வருசமாய் நான் கிள்ளும் இலை
இப்படித்தான் இருக்குமா?
நன்றாயில்லை.
பாதி ரொட்டியை மடித்து
அழகுராஜின் தட்டில் வைத்தேன். பேசாமல் தின்றார்.

சீனிப் போத்தலை அவர் ஒளித்துவைத்திருக்கிறார்.
எங்கே என்று சொல்லமாட்டாராம்.
அடுப்புக்கு மேலே,
கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில்,
பதினாறு வருசம் சாராயப் போத்தலை வைத்த அதே பொந்து.
இருட்டிலும் என் கைக்கு அது தெரியும்,
எத்தனை ராத்திரி அங்கிருந்து எடுத்து
கானில் கவிழ்த்திருக்கிறேன்.

கூரையில் மழை.
அவர் தூங்குவது போலப் படுத்திருக்கிறார்.
நானும் அப்படியே.